வாடகைக்கு எடுத்த கம்பளச் சலவை இயந்திரம்: உள்ளே போன நீரும் வெளியே வராத நீரும்

மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊரில் கூடத்தில் கம்பளம் விரித்திருந்தால், அந்த வீட்டில் யாரோ ஒருவர் வளைகுடாவில் வேலை பார்த்திருக்கிறார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். எங்கள் வீட்டுக் கம்பளமும் அப்படி வந்ததுதான். அண்ணன் மஸ்கட்டில் இருந்த காலத்தில் சுருட்டிக் கட்டிக் கொண்டுவந்தது. ஆறடிக்கு ஒன்பதடி, முழுக்கக் கம்பளி, பின்பக்கம் சணல். அண்ணன் மகளின் நிச்சயதார்த்தத்துக்காக அதைச் சலவை செய்ய நினைத்து, மே மாதக் கடைசியில் ஒரு கடையிலிருந்து நாள் வாடகைக்கு இயந்திரம் எடுத்தேன். அந்த இயந்திரத்தைப் பற்றியும், அதன் பிறகு நான் அழைக்க நேர்ந்த தொழில்முறைச் சலவையைப் பற்றியும் எழுதுவது, இதே எண்ணத்தில் இருக்கும் ஒருவருக்காவது பயன்படும் என்ற நம்பிக்கையில்தான்.

முதலில் இயந்திரத்துக்குரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். சுத்தமான நீரும் ஷாம்பும் ஊற்ற ஒரு தொட்டி, அழுக்கு நீர் சேர மற்றொரு தொட்டி, தள்ளிக்கொண்டு போகையில் நீரைப் பீய்ச்சும் குழாய், தேய்க்கும் பிரஷ், உறிஞ்சும் வாய் ஆகியவை சேர்ந்ததுதான் அது. காரின் இருக்கைகளிலும், வாசலில் போடும் நைலான் விரிப்பிலும் அது செய்த வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அழுக்குத் தொட்டியில் சேர்ந்த கறுப்பு நீரைப் பார்த்தபோது ஏற்பட்ட திருப்தியில்தான் அடுத்து கம்பளத்தின் மேல் அதை ஓட்டினேன். செயற்கை இழைக்குப் பொருந்தும் கருவி கம்பளிக்கும் பொருந்தும் என்று நான் எண்ணியது தவறு. கம்பளம் எதனால் ஆனது என்று வாடகைக்குக் கொடுத்தவர்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இயந்திரத்தோடு கொடுத்த தாளில் சுவிட்ச் எது, தொட்டியை எப்படிக் கழற்றுவது என்பதற்கு மேல் எதுவும் இல்லை.

கம்பளத்தில் சேரும் அழுக்கில் பெரும்பகுதி ஈரமில்லாத மண்தான். எங்கள் பக்கத்துச் செம்மண் எவ்வளவு நுண்ணியது என்பது இங்கே வெள்ளை வேட்டி துவைக்கிறவர்களுக்குத் தெரியும். அந்த மண் இழைகளின் அடியில் போய்ப் படிந்திருக்கும்போது மேலே நீரைப் பீய்ச்சினால், அது அங்கேயே சேறாகிவிடுகிறது. ஆகவே கம்பளத்தைத் தலைகீழாகப் போட்டு, பின்பக்கத்தைத் தட்டி, உதிர்ந்த மண்ணைக் கூட்டி, பிறகு இரு பக்கமும் வாக்குவம் கிளீனரால் பொறுமையாக உறிஞ்சி எடுக்காமல் ஒரு சொட்டு நீரும் படக்கூடாது. நான் மேற்பக்கத்தை மட்டும் ஒருமுறை உறிஞ்சிவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

இனி நீர்க் கணக்கு. சுத்த நீர்த் தொட்டி நான்கு லிட்டர் கொள்ளும். அதை ஐந்து முறை நிரப்பினேன். ஆக உள்ளே போனது இருபது லிட்டர். அழுக்குத் தொட்டியை ஒவ்வொரு முறையும் வாளியில் கொட்டியதால், வெளியே வந்தது பதின்மூன்று லிட்டர் அளவுதான் என்பதைப் பின்னால் அளந்து பார்க்க முடிந்தது. மீதி ஏழு லிட்டர், அதாவது ஏறக்குறைய பாதி வாளி நீர், கம்பளத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. வீட்டு உபயோகத்துக்கான இயந்திரங்களின் உறிஞ்சும் விசை, தொழில்முறைக் கருவிகளோடு ஒப்பிட மிகக் குறைவு என்பது இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம் கம்பளியின் இயல்பு. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் கைக்குத் தெரியாமல் உள்வாங்கிக்கொள்ளக்கூடிய நார் அது. அன்று மாலை உள்ளங்கையை வைத்துப் பார்த்தபோது மேற்புறம் காய்ந்ததாகவே தோன்றியது. அடியில் தரையை ஒட்டியிருந்த சணலில் ஈரம் அப்படியே இருந்திருக்கிறது.

வேறு ஊராக இருந்தால் வெயிலும் காற்றும் என் தவறைப் பாதியாவது மறைத்திருக்கும். எங்கள் ஊருக்கு இடவப்பாதி மழையும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, துலாம் மாத மழையும் (வடகிழக்குப் பருவமழை) உண்டு. இரண்டுக்கும் இடையிலும் சுவர் முழுதாகக் காய்வதில்லை. அந்த வாரம் மழை நான் எதிர்பார்த்ததற்கு முன்பே இறங்கிவிட்டது. ஈரமான விரிப்பு ஒரு நாளிலிருந்து இரண்டு நாளுக்குள் காய்ந்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும் என்பது பொதுவான எச்சரிக்கை. இங்கே மழைக்காலத்தில் உலரவைத்த துண்டே இரண்டு நாளில் காய்வதில்லை எனும்போது, ஏழு லிட்டர் நீரை வைத்திருக்கும் கம்பளம் எப்படிக் காயும்? மூன்றாம் நாள் காலையில் கூடத்துக்குள் நுழைந்ததும் நனைந்த ஆட்டின் வாடை அடித்தது. ஆஸ்துமா உள்ள என் மாமியார் அன்றிலிருந்து கூடத்தில் உட்காருவதை விட்டுவிட்டார். வாடையைவிட எனக்கு அதிகக் கவலை தந்தது அதுதான்.

நான்காம் நாள், கம்பளத்தின் வெளிர்நிறப் பகுதியில் தேநீர் கொட்டியதுபோல் பழுப்புத் திட்டுகள் தெரிந்தன. யாரும் எதையும் கொட்டவில்லை. சணலிலும் பருத்தியிலும் இயற்கையாகவே இருக்கும் நிறப்பொருள் நீரில் கரைந்து, கம்பளம் மெதுவாகக் காயும்போது இழைகளின் வழியே மேலேறி, நுனியில் தங்கிவிடுகிறது. திரி எண்ணெயை இழுப்பது போன்ற செயல்தான் இது. இயந்திரம் போக்கிவிட்டதாக நான் மகிழ்ந்த பழைய காப்பிக் கறை அதே இடத்தில் மீண்டும் வந்ததற்கும் காரணம் இதுவே: மேலே இருந்த கறை அடியில் இறங்கியிருந்தது, காயும்போது ஈரத்தோடு ஏறிவந்தது. கறை திரும்பியதைப் பார்த்து இன்னொரு முறை நீர்விட்டுக் கழுவுவது பலரும் செய்கிற காரியம். அது அடியிலிருக்கும் நீரைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

ஷாம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இயந்திரத்தோடு கொடுத்த குப்பியில் எந்த இழைக்கானது என்ற குறிப்பே இல்லை. கம்பளி நம் தலைமுடியைப் போன்ற புரத நார். காரத்தன்மை மிகுந்த எதுவும் அதை முரடாக்கி, நிறத்தையும் கசியச் செய்யும். ஆகையால் கம்பளிக்கென்று குறிப்பிட்ட, நடுநிலையான பிஎச் (அமில, கார அளவு) உள்ள சலவைத் திரவம்தான் ஏற்றது. துணி துவைக்கும் தூள்களில் பல காரமானவை. புரதக் கறையைச் சிதைக்கும் நொதி சேர்த்த தூள்களோ கம்பளியையும் பட்டையும் அந்தக் கறையைப் போலவே நடத்தும். பிளீச்சிங் திரவம் அதைவிடக் கொடியது. கம்பளி இழையை அதில் போட்டுவைத்தால் இழை கரைந்தே போய்விடும். பழுப்புத் திட்டைப் போக்க பிளீச்சிங் திரவத்தை எடுக்கப்போன என்னைத் தடுத்தது பக்கத்து வீட்டு மைனிதான். அந்த வேளையில் குளியலறை ஆசிட்டையும் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்று வேறொருவர் சொன்னது இன்னும் அச்சமூட்டுகிறது. பிளீச்சிங் திரவத்தோடு ஆசிட் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும். கதவு சாத்திய அறையில் அது உயிருக்கே ஆபத்து. இதை எந்த வீட்டிலும் யாரும் செய்துபார்க்கக் கூடாது.

ஷாம்பு கம்பளத்திலேயே தங்கிவிடுவதும் ஒரு கேடு. நன்றாக நுரைக்கட்டும் என்று அதிகமாக ஊற்றினால், அலசி எடுக்க முடியாமல் பிசுபிசுப்பாகத் தங்கி, நடக்கிற கால்களின் தூசியையெல்லாம் பிடித்துவைத்துக்கொள்ளும். சலவை செய்த கம்பளம் முன்பைவிட விரைவில் அழுக்காகிறது என்று சிலர் குறைப்படுவதற்கு இதுதான் காரணம். எங்கள் சோபாவின் இரும்புக் காலும் ஒரு மூலையில் துருவட்டத்தைப் பதித்துவிட்டது. ஈரம் முழுதும் போகும்வரை மரச்சாமான், இரும்புச்சாமான் எதையும் மேலே வைக்காமல் இருந்திருக்க வேண்டும். நகர்த்த முடியாதென்றால் காலுக்கடியில் பிளாஸ்டிக் தாளாவது செருகியிருக்க வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று இயக்கும் கருவி இது. எர்த் இணைப்பு இல்லாத பழைய பிளக்கிலும், ஒட்டுப்போட்ட நீட்டிப்பு வயரிலும் இதை இணைக்கக் கூடாது. மின்கசிவைக் கண்டு நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்ச் இல்லாத வீட்டில் இதை எடுக்கவே வேண்டாம். சாதாரண வாக்குவம் கிளீனரால் ஈரத்தை உறிஞ்ச முயல்வதும் அதே அளவு ஆபத்தானது.

இறுதியில் திருவனந்தபுரம் பக்கத்திலிருந்து வந்து கம்பளத்தை எடுத்துச் செல்லும் ஒரு சலவை நிறுவனத்தை அழைத்தோம். வந்தவர்களில் மூத்தவர், நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதை என் கண்முன் செய்தார். பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். ஓரத்தில் ஒவ்வொரு நிறத்தின் மேலும் நனைத்த வெள்ளைத் துணியைச் சற்று நேரம் அழுத்திவைத்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்தார். சிவப்பு மட்டும் லேசாக ஒட்டியது. அடியிலிருந்து ஓர் இழையைப் பிய்த்து வாசலுக்குக் கொண்டுபோய்த் தீக்குச்சியால் எரித்துக் காட்டினார். முடி கருகும் வாடையோடு சுருங்கி, தானே அணைந்து, விரலில் பொடியும் சாம்பலானது. “இது நல்ல கம்பளி சேச்சி. செயற்கை நூலாக இருந்தால் உருகி மணிபோல் இறுகிவிடும். இதற்குத் தண்ணீர் பகையில்லை, காயாத தண்ணீர்தான் பகை” என்றார். மஸ்கட்டிலிருந்து வந்த நாள்முதல் எங்கள் வீட்டில் இருக்கும் பொருளின் இயல்பு அன்றுதான் எனக்குத் தெரியவந்தது.

அவர்கள் அதிர்வுக் கருவியால் முதலில் மண்ணை உதிர்த்து, அலசி, சுழற்றிப் பிழிந்து, மின்விசிறிகளும் ஈரம் இழுக்கும் கருவியும் உள்ள அறையில் தொங்கவிட்டுக் காயவைத்தார்கள். பழுப்புத் திட்டுக்கு மென்மையான அமிலக் கரைசலைப் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். கம்பளம் திரும்பியபோது வாடை முற்றிலும் போயிருந்தது. திட்டுகள் மிகவும் மங்கியிருந்தன, முழுதாகப் போகவில்லை. துருவட்டம் அப்படியே இருந்தது. இந்தச் சேவையிலும் குறை உண்டு. ஐந்து நாளில் தருவதாகச் சொல்லி ஒன்பதாம் நாள்தான் தந்தார்கள், தாமதத்தைப் பற்றி முன்கூட்டிச் சொல்லவில்லை, ஓரக் குஞ்சங்கள் சில சிக்குப்பிடித்திருந்தன. கட்டணம் இயந்திர வாடகையைப்போல ஐந்து மடங்கு. ஆனாலும் கம்பளத்தைத் தொடுமுன் அதைப் பரிசோதித்தார்களே, அதற்காகவே அவர்களை நான் பரிந்துரைப்பேன்.

எந்த விரிப்புக்கு இந்த இயந்திரம் கூடவே கூடாது என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு, நான் கற்றதைச் சொல்கிறேன். பட்டுபோல மினுங்கும் விஸ்கோஸ் விரிப்பு நனைந்தவுடன் வலுவிழந்து, காய்ந்தபின் மஞ்சளித்து விறைத்துவிடும். ரப்பர் பசையால் பின்துணி ஒட்டிய விரிப்பில் ஈரம் தங்கினால் பசை விட்டு, பின்துணி தனியே வந்துவிடும். ஆலப்புழைக் கயிற்றுத் தடுக்கை நனைத்து ஊறவைக்கவே வேண்டாம். வெளியே கொண்டுபோய்த் தட்டி உதறினால் போதும். பருத்தியில் நெய்த பவானி ஜமக்காளத்தைக் கையாலேயே அலசலாம், இயந்திரமே தேவையில்லை. சாயம் இறங்குகிறதா என்று ஓரத்தில் பார்த்துவிட்டு, குளிர்ந்த நீரில் தனியாக அலசி, நிழலில் விரித்தால் நன்றாக வரும்.

இயந்திரத்தை வாடகைக்குக் கொடுத்த கடைக்காரரிடம் நடந்ததைச் சொல்லி, கம்பளிக்கும் சணலுக்கும் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு தாளை ஒட்டிவைக்கும்படி கேட்டுக்கொண்டேன். காதில் வாங்கிக்கொண்டார், ஆனால் சென்ற வாரம் போனபோது தாள் எதையும் காணவில்லை, மறுபடியும் சொல்லிவிட்டு வந்தேன். காரின் இருக்கைகளுக்காக அந்த இயந்திரத்தை இனியும் எடுப்பேன், அதுவும் மாசி, பங்குனி வெயிலில் மட்டும். கம்பளத்தை வாரம் ஒருமுறை இரு பக்கமும் உறிஞ்சுகிறேன். ஏதாவது கொட்டினால் தேய்க்காமல் வெள்ளைத் துணியால் ஒற்றி எடுக்கிறேன். துருவட்டம் இருக்கும் மூலை இப்போது சுவர்ப்பக்கமாகத் திருப்பி விரிக்கப்பட்டிருக்கிறது. மாமியார் மீண்டும் கூடத்தில் உட்காருகிறார்.