ஹாஃப்டைம் பந்தயம்: விலையைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்

சிங்கப்பூரில் சனிக்கிழமை பிரிமியர் லீக் ஆட்டங்கள் பலவும் ராத்திரி 10, 11 மணிக்குத்தான் தொடங்கும். சாம்பியன்ஸ் லீக் என்றால் விடிகாலை 3, 4 மணி. காலை ஷிஃப்ட் போகிறவர் முழு ஆட்டமும் உட்கார முடியாது. எங்கள் காப்பிக்கடை மேசையில் ஹாஃப்டைம் பந்தயத்துக்கு மவுசு கூடியது அதனால்தான். இங்கே கால்பந்துப் பந்தயம் சட்டப்படி கட்டக்கூடிய இடம் சிங்கப்பூர் பூல்ஸ் ஒன்றுதான்; 1999லிருந்து நடத்துகிறார்கள்.

விஷயம் எளிது. இடைவேளை விசில் ஊதும்போது எந்த அணி முன்னிலை, அல்லது சமனா? மூன்றில் ஒன்று. அதன் பிறகு மைதானத்தில் என்ன நடந்தாலும் நமக்குக் கவலையில்லை. 2022 உலகக் கோப்பையில் சவூதி அரேபியாவுக்கு எதிராக மெஸ்ஸி 10வது நிமிடத்தில் பெனால்டி போட்டார். இடைவேளையில் அர்ஜென்டினா 1-0. கடைசியில் 1-2 என்று தோற்றது. மறுநாளே ஜெர்மனியும் ஜப்பானிடம் அதே மாதிரி முன்னிலையிலிருந்து வீழ்ந்தது. இரண்டிலும் முதல் பாதிக்கு அந்த முன்னிலை அணிமேல் கட்டியவருக்குப் பணம் வந்திருக்கும். இந்தப் பந்தயத்தில் எனக்குப் பிடித்தது இதுதான்.

முதல் பாதியின் கூடுதல் நேரமும் கணக்கில் சேரும். அதே உலகக் கோப்பையில் ஈரான் கோல்கீப்பருக்கு அடிபட்டதால் இங்கிலாந்து ஆட்டத்தின் முதல் பாதிக்கு 14 நிமிடம் கூட்டினார்கள். ஸ்டெர்லிங்கின் கோல் அந்த நேரத்தில் விழுந்ததுதான். கடிகாரம் 45 காட்டியதும் சீட்டைக் கசக்கிப் போடாதீர்கள்.

இனி விலை. டாக்சி ஓட்டும் அண்ணன் ஒருவர் எங்களிடம் அடிக்கடி சொல்வார்: "பாதி நேரம்தானே தம்பி, பாதி ரிஸ்க்தான்." இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பெரிய ஐரோப்பிய லீக்குகளில் 100 கோல் விழுந்தால் சுமார் 45தான் முதல் பாதியில். அதனால் 90 நிமிட முடிவில் நாலில் ஓர் ஆட்டம் சமன் என்றால், இடைவேளையில் பத்தில் நாலு சமன். பலமான அணியாகவே இருந்தாலும் கோல் போட அதற்கு அவகாசம் குறைவு.

விலை என்று நான் சொல்வது ஒட்ஸை: ஒரு வெள்ளி கட்டி ஜெயித்தால் கட்டிய காசோடு சேர்த்துத் திரும்பும் தொகை. அது இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: பலமான அணி 2.10, சமன் 2.20, எதிரணி 5.00. ஒவ்வொன்றாலும் 100ஐ வகுத்துக் கூட்டுங்கள். 47.6, 45.5, 20, மொத்தம் 113.1. நூறுக்கு மேல் இருக்கும் 13.1தான் நடத்துபவரின் பங்கு; அதாவது 113.1 வெள்ளி வாங்கி 100 வெள்ளி திருப்பித் தருகிற கணக்கு. அந்த விலையில் 100 வெள்ளி கட்டினால் சராசரியாகத் திரும்புவது 88 வெள்ளி சொச்சம். போனில் அரை நிமிட வேலை இது. எந்த ஆட்டமானாலும் இதைப் போட்டுப் பார்க்காமல் கட்ட வேண்டாம் என்று மேசையில் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

ஹாஃப்டைம்-ஃபுல்டைம் என்று இன்னொன்று உண்டு: இடைவேளை நிலை, இறுதி முடிவு இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்பது வாய்ப்புகள். ஒட்ஸ் பெரிதாகத் தெரியும், ஆனால் கூட்டிப் பார்த்தால் நடத்துபவரின் பங்கும் பெரிதாகத்தான் வரும். இதில் இறுதி முடிவு என்பது 90 நிமிட முடிவு. 2022 இறுதிப் போட்டியில் இடைவேளையில் அர்ஜென்டினா 2-0, 90 நிமிடத்தில் 2-2. கோப்பை அர்ஜென்டினாவுக்குப் போனாலும் "அர்ஜென்டினா-அர்ஜென்டினா" சீட்டு தோற்றது, "அர்ஜென்டினா-சமன்"தான் ஜெயித்தது. 2005இல் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் இடைவேளையில் மிலான் 3-0 என்று இருந்து லிவர்பூல் 3-3 ஆக்கியதும் அதே கணக்கு.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது அந்த 15 நிமிட இடைவேளை. முடிவு தெரிந்துவிட்டது, கையில் போன், இரண்டாம் பாதிக்கான ஒட்ஸ் கண் முன்னால். ஒரு பந்தயம் என்று நினைத்துக் கட்டியவர் அங்கேதான் இரண்டாவதைக் கட்டுகிறார். ஜெயித்தவரும் கட்டுவார், தோற்றவரும் கட்டுவார். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்த காசோடு நிறுத்திக்கொள்ளத் தெரியாத யாருக்கும் நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

என் மதிப்பெண்: ஹாஃப்டைம் பந்தயத்துக்கு 5க்கு 3. ஹாஃப்டைம்-ஃபுல்டைமுக்கு 1.