1970-களின் பம்பாய் புரூஃப் பைசாக்கள்: வாங்கலாமா, எப்படிப் பார்த்து வாங்குவது?

புரூஃப் செட் (சேகரிப்பாளர்களுக்காகவே தனியாக மெருகேற்றி அடித்த காசுகளின் தொகுப்பு) என்றதும் பலருடைய கண்ணும் நேராக 50 ரூபாய் வெள்ளிக் காசுக்குத்தான் போகிறது. வியாபாரிகள் செட்டைப் பிரித்து வெள்ளியைத் தனியாக விற்றுவிடுவதும் அதனால்தான். மிஞ்சுகிற 1, 2, 3, 5, 10 பைசா அலுமினியக் காசுகள் ஒரு பிளாஸ்டிக் கவரில் போய் விழுகின்றன. எங்கள் கணிப்பில் அந்தக் கவரில்தான் சரக்கு இருக்கிறது. குறைந்த செலவில் தொடங்க நினைக்கும் தர்மபுரி, கிருஷ்ணகிரி சேகரிப்பாளர்களுக்கு இதைத் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம். ஒரே நிபந்தனை, காசின் மேற்பரப்பு கெடாமல் இருக்க வேண்டும்.

முதலில் 3 பைசாவைப் பாருங்கள். அறுகோண வடிவம், எடை 1.25 கிராம். 1964-ல் புழக்கத்துக்கு வந்த இந்தக் காசைப் பொதுமக்களுக்காக அடித்தது 1971 வரைதான். அதன்பின் 1981 வரை ஆண்டு போட்டு வந்தவை புரூஃப் செட்டுக்காகவே அடிக்கப்பட்டவை. அதாவது 1975 என்று போட்ட 3 பைசா எந்த மளிகைக் கடைக் கல்லாவிலும் விழுந்ததில்லை. ஆண்டுக்குக் கீழே ‘B’ என்ற எழுத்து இருக்கும். பம்பாய் நாணயச்சாலை புரூஃப் காசுக்கு இட்ட குறி அது. அதே நாணயச்சாலையின் புழக்கக் காசில் சிறிய வைர வடிவம்தான் இருக்கும். ஐதராபாத் காசில் நட்சத்திரம் இருக்கும், கல்கத்தா காசில் குறியே இருக்காது. ஊர்ப் பெயர் மாறிய பிறகு, 1996-லிருந்து புரூஃப் குறி ‘M’ ஆகிவிட்டது. ஆக, 1970-களின் ஆண்டுக்குக் கீழே ‘M’ இருந்தால் அந்தக் காசைத் தொடவே வேண்டாம்.

புரூஃப் காசுக்கு அச்சையும் மெருகேற்றுவார்கள், வெற்றுத் தகட்டையும் மெருகேற்றுவார்கள். பிறகு ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி அடிப்பார்கள். அதனால் தளம் கண்ணாடி மாதிரி இருக்கும், சிங்கத் தலைகளின் பிடரிக் கோடுகள் ஒவ்வொன்றும் பிரிந்து தெரியும், விளிம்பு கூர்மையாக நிற்கும். சந்தையில் அதிகம் ஏமாற்றப்படுவது இந்த இடத்தில்தான். சாதாரணக் காசை பிராசோ போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி ‘புரூஃப்’ என்று நீட்டுவார்கள். கண்டுபிடிப்பது சுலபம். காசைப் படுக்க வைத்து அதன் ஓரத்தில் ஒரு செய்தித்தாள் துண்டை நிமிர்த்திப் பிடியுங்கள். உண்மையான புரூஃபில் பிரதிபலிக்கும் எழுத்துகளின் கோடு நேராக இருக்கும், தேய்த்த காசில் அலையலையாக நெளியும். அடுத்து 10 மடங்கு லென்ஸில் எழுத்துகளின் அடியைப் பாருங்கள். தேய்த்த காசில் எழுத்தின் முனை மழுங்கி, பள்ளத்தில் வெள்ளைப் பொடி தங்கியிருக்கும். தளத்தில் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் ஓடும்.

எடையும் பாருங்கள். 1 பைசா 0.75, 2 பைசா 1, 3 பைசா 1.25, 5 பைசா 1.5, 10 பைசா 2.3 கிராம். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். போலியைப் பிடிக்க எடை உதவும். தேய்த்த காசைப் பிடிக்க உதவாது, ஏனென்றால் தேய்ப்பில் போகிற உலோகம் மிகச் சொற்பம்.

அலுமினியத்தின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். மிக மென்மையான உலோகம் அது. விரல் நகம் பட்டாலே கண்ணாடித் தளத்தில் கோடு விழும். ஈரமும் உப்பும் பட்டால் வெள்ளைப் புள்ளியாகத் தொடங்கிக் குழி விழும், குழி விழுந்தால் வைத்தியம் கிடையாது. நம் இரண்டு மாவட்டங்களிலும் புளிக்குப் பஞ்சமில்லை. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் கை, காசையும் அப்படியே துலக்கப் பார்க்கும். செய்யவே செய்யாதீர்கள். புளி, எலுமிச்சை, சமையல் சோடா, பற்பசை எல்லாமே புரூஃப் தளத்தை ஒரே நிமிடத்தில் சாதாரணக் காசாக்கிவிடும்.

பழைய பிவிசி கவரில் கிடந்த காசில் பச்சையாகவோ பிசுபிசுப்பாகவோ ஏதாவது ஒட்டியிருந்தால் அதை மட்டும் எடுக்கலாம். கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றி, காசை 15 நிமிடம் மூழ்கவிடுங்கள். பிறகு புது அசிட்டோனில் ஒருமுறை முக்கி எடுத்து, ஓரத்தில் நிறுத்தித் தானாகக் காயவிடுங்கள். துடைக்கக் கூடாது. நெயில் பாலிஷ் ரிமூவரில் எண்ணெயும் வாசனையும் கலந்திருப்பதால் அது ஆகாது. அடுப்பு, விளக்கு பக்கத்தில் இருக்கவே கூடாது, சன்னல் திறந்திருக்க வேண்டும்.

வைப்பதற்கு அக்ரிலிக் கேப்சூல் நல்லது. 1 பைசாவும் 5 பைசாவும் சதுரம் என்பதால் பக்க அளவை நம்பி கேப்சூல் வாங்கினால் மூலை இடிக்கும். மூலைக்கு மூலை வெர்னியரில் அளந்து வாங்குங்கள். அட்டை ஹோல்டர் என்றால் ஸ்டேப்ளர் பின்னின் கால்களைக் குறட்டால் தட்டையாக்குங்கள்; இல்லாவிட்டால் பக்கத்துக் காசைக் கீறிவிடும். ஓசூர், தளிப் பக்கம் மழைக்கால ஈரத்துக்கு டப்பாவில் சிலிக்கா ஜெல் போட வேண்டும். தர்மபுரிப் பக்கம் கோடையில் கொதிக்கும் பரணில் வைக்காமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு. பாச்சை உருண்டை போட்ட பீரோவும் வேண்டாம், அதன் ஆவி சில வகை பிளாஸ்டிக்கை மங்கலாக்கிவிடும்.

வேறு என்ன கிடைக்கிறது? பிரிட்டிஷ் காலத்து 1/12 அணா, கால் அணா புரூஃப்களும் விலைக்கு வருகின்றன. அவற்றில் பல, நாணயச்சாலைகளே 1970 வரை சேகரிப்பாளர்களுக்காக மறுபடி அடித்துக் கொடுத்தவை. கெட்ட பொருள் இல்லைதான், ஆனால் மூலப் புரூஃபின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. புதிதாகத் தொடங்குபவருக்கு அந்த வித்தியாசம் பிடிபடாது என்பதால் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். உணவு வேளாண் அமைப்பின் கருப்பொருளில் வந்த 10 பைசாக்கள் அழகு. 1974-ன் குடும்பத் திட்டக் காசும் 1979-ன் சர்வதேசக் குழந்தைகள் ஆண்டுக் காசும் 3 பைசாவுக்கு அடுத்தபடியாகத் தேட வேண்டியவை. இவை புழக்கத்துக்கும் அடிக்கப்பட்டவை, அதனால் ‘B’ இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30-லிருந்து செல்லாது. இவற்றுக்கு இருப்பது சேகரிப்பு மதிப்பு மட்டும்தான். ‘பழைய காசுக்கு லட்சங்கள், முதலில் கட்டணம் அனுப்புங்கள்’ என்று வரும் அழைப்புகளைத் துண்டித்துவிடுங்கள். தன் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த மோசடி குறித்து ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்திருக்கிறது.

கிருஷ்ணகிரி, ஓசூர்க்காரர்கள் பெங்களூரு போய்க் காசைக் கையில் பிடித்து, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து வாங்குவதே மேல். தபாலில் வாங்குவதானால் விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள்: நேராக எடுத்தது, சாய்வான வெளிச்சத்தில் எடுத்தது, ஆண்டும் குறியும் மட்டும் நெருக்கமாக எடுத்தது. இரண்டாவது படத்தை அனுப்பத் தயங்கினால் தளத்தில் கீறல் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அடுத்த விற்பனையாளரைப் பாருங்கள்.