கார்புரேட்டரில் வெடிச்சத்தமா? கார்புரேட்டரைக் கழற்றவிடாதீர்கள் (வேலூர் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு)

என் மாமனாரிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருக்கிறது. சென்னையில் தயாரான வண்டி, 948 சிசி. 1962-இல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் இதே ஹெரால்டு சேஸியைக் குட்டையாக்கிச் செய்ததுதான். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் ஏற ஆக்சிலரேட்டரை மிதித்தால் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) வழியாக 'டப் டப்' என்று வெடிக்க ஆரம்பித்தது.

பழைய கார்தான் ஸ்பெஷல் என்று போர்டு வைத்திருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். பெயரைச் சொல்லப் போவதில்லை, நடந்ததைச் சொல்கிறேன். எஞ்சினை ஸ்டார்ட் செய்துகூடப் பார்க்கவில்லை. "பேக் ஃபயர்னா சோலெக்ஸ் தேஞ்சு போச்சு சார், புதுசு போட்டாத்தான் சரியாகும்" என்றார் முதலாளி. சோலெக்ஸ் என்பது எங்கள் கார்புரேட்டரின் கம்பெனிப் பெயர். 14,500 ரூபாய். பில் கேட்டால் சிகரெட் அட்டைமேல் தொகையை எழுதிக் கொடுத்தார். வண்டி வெளியே வந்ததும் அதே சத்தம், முன்னைவிட அதிகமாக. திரும்பப் போனால், "அப்போ வால்வு எரிஞ்சிருக்கும், ஹெட்ட இறக்கணும்" என்று இன்னொரு 28,000 சொன்னார். கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. கழற்றிய பழைய சோலெக்ஸைக் கேட்டோம், காயலான் கடைக்குப் போட்டுவிட்டாராம். எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான். ஒரிஜினல் சோலெக்ஸ் இன்று சுலபமாகக் கிடைக்கும் பொருளா?

வண்டியை ராணிப்பேட்டையில் வயதான ஒரு மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனோம். ஹெரால்டில் பானெட்டும் மட்கார்டும் ஒன்றாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். பாய் டயர்மேல் உட்கார்ந்துகொண்டு முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். நான்கும் வெள்ளை வெளேர் என்றிருந்தன. "பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தி தம்பி" என்றார். கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது, அதனால் வால்வு எரிந்த கதை பொய். எஞ்சினை ஓடவிட்டு, காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுத்தார், வெடிப்பது நின்றது. சூடாவதற்கு முன் கார்புரேட்டர் அடியில் கிளீனர் ஸ்ப்ரே கொஞ்சம் அடித்தார், எஞ்சின் வேகம் சட்டென்று மாறியது. எஞ்சினுக்குக் கலவை போகும் குழாயான மேனிஃபோல்டுமேல் கார்புரேட்டர் உட்காரும் இடத்தில் கேஸ்கெட் (காற்று புகாமல் அடைக்கும் தகடு) கிழிந்து காற்று இழுத்துக்கொண்டிருந்தது. புது கார்புரேட்டரையும் அதே கிழிந்த கேஸ்கெட்மேல் வைத்து இறுக்கியிருக்கிறார்கள்!

காற்று அதிகமானால் கலவை மெதுவாக எரியும். அடுத்த முறை இன்லெட் வால்வு திறக்கும்போதும் உள்ளே நெருப்பு மிச்சமிருந்தால், வரும் கலவையும் பற்றிக்கொண்டு மேலே வெடிக்கும். டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்) பின்தங்கியிருந்தாலும் இதே கதைதான். பிளக் ஒயர் 1-3-4-2 வரிசை மாறியிருக்கலாம், டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட் கேப் 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) இல்லாமல் போயிருக்கலாம், வால்வைத் தள்ளும் டேப்பெட் இறுக்கமாக இருந்து இன்லெட் வால்வு சரியாக மூடாமலும் இருக்கலாம். இவ்வளவும் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பெட்ரோல் வரும் ஜெட்டில் அடைப்பா என்று கார்புரேட்டரைத் தொட வேண்டும். பாய் புது கேஸ்கெட் வெட்டிப் போட்டு, கார்புரேட்டரின் அடி விளிம்பான ஃபிளாஞ்சைத் தேய்த்துச் சமமாக்கி, டைமிங்கும் பார்த்து வாங்கியது 900 ரூபாய். வண்டி இப்போதும் முதலில் போனவர் மாட்டிய டூப்ளிகேட் கார்புரேட்டரோடுதான் ஓடுகிறது, ஐட்லிங் இன்னும் சரியில்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: இந்தச் சத்தம் வரும் வண்டியை ஏர் ஃபில்டர் இல்லாமல் ஓட்டாதீர்கள், ஸ்டார்ட் செய்யும்போது கார்புரேட்டருக்குமேல் முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். நெருப்பு நேராக மேலே வரும்.

வண்டியை விடும்போதே கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ மூன்றையும் போட்டோ எடுத்து, கழற்றும் எல்லாப் பார்ட்டும் திரும்ப வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதியலாம். மெக்கானிக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நாங்கள் மனு தயார் செய்துவிட்டோம், சிகரெட் அட்டையையும் இணைத்திருக்கிறோம்.

எங்கள் சோலெக்ஸின் ஃப்ளோட் சேம்பர் மூடியில் ஒரு திருகு மட்டும் பித்தளை, மாமனார் மாற்றிப் போட்டது. யாராவது விற்க வந்தால் தயவுசெய்து தெரியப்படுத்துங்கள்.