பூந்திக்கொட்டையா, சோயா லெசித்தினா? மருந்தைக் கரைக்க நான் எடுத்த முடிவு

மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமினைத் தண்ணீரில் தூவினால் கொஞ்ச நேரம் மேலே மிதக்கும், அப்புறம் அடியில் படியும். கரையாது. இப்படி அடம்பிடிக்கும் மருந்துகளுக்குத் தாவரத்திலிருந்து எடுத்த சர்ஃபேக்டன்டையே (சோப்புபோல, நீரில் கரையாததை நீரோடு கலக்கவைக்கும் பொருள்) பயன்படுத்துவது என்று ஆய்வகத்தில் முடிவானது. பூந்திக்கொட்டையின் நுரைக்கும் பொருளான சபோனின், சோயாவின் கொழுப்புப் பொருளான லெசித்தின் இரண்டையும் சில மாதம் கையாண்டுவிட்டு லெசித்தின் பக்கம் வந்துவிட்டேன்.

வேலை சுலபம் என்றால் அது பூந்திக்கொட்டைதான். விதையை நீக்கி, தோலை ஊறவைத்து வடிகட்டினால் நுரைக்கிற பழுப்பு நீர் தயார். அதில் குர்குமினைப் போட்டுக் குலுக்கி வடித்தால், மிசெல் எனும் சபோனின் நுண்திரள்களுக்குள் புகுந்த மருந்து தெளிந்த மஞ்சள் கரைசலாக இறங்கும். லெசித்தினுக்குப் பொறுமை வேண்டும். மருந்தோடு சேர்த்து எத்தனாலில் கரைத்து, குடுவைச் சுவரில் மெல்லிய படலமாக உலர்த்தி, தண்ணீர் விட்டு, மீயொலியில் வைக்க வேண்டும். பால்போன்ற கலங்கல் மெல்ல மெல்லத்தான் ஒளிபுகும்.

ஆனால் எனக்கு முடிவைச் சொன்னது ஒரே ஒரு சோதனை. கழுவிய ரத்தச் சிவப்பணுக்களை உப்புநீரில் கலந்து, சிறிது சபோனின் சேர்த்து, மையவிலக்கில் சுற்றினேன். சாதாரணமாக அணுக்கள் அடியில் இறுகி, மேலே நிறமற்ற நீர் நிற்கும். இங்கே குழாய் முழுக்க ஒளிபுகும் சிவப்பு. அடியில் எதுவுமே இல்லை. அணுச்சவ்விலுள்ள கொலஸ்ட்ராலைச் சபோனின் பற்றிக்கொள்ள, சவ்வு ஓட்டையாகி ஹீமோகுளோபின் வெளியே கொட்டிவிட்டது. லெசித்தின் குழாயில் அணுக்கள் ஒழுங்காக அடியில் படிந்திருந்தன. லெசித்தினின் முக்கியக் கூறான பாஸ்ஃபாட்டிடைல்கோலின் நம் செல்சவ்விலேயே இருக்கும் பொருள் அல்லவா!

ரத்தநாளத்தில் செலுத்தும் மருந்துக்கு இந்த வித்தியாசமே போதும். தண்ணீரில் கரையாத ஆம்ஃபோடெரிசின் பி என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தை ஆம்பிசோம் என்ற ஊசிமருந்தில் சுமப்பது, ஹைட்ரஜனேற்றிய சோயா பாஸ்ஃபாட்டிடைல்கோலினும் கொலஸ்ட்ராலும் சேர்ந்த லிப்போசோம், அதாவது நுண்ணிய கொழுப்புக் குமிழிதான். சபோனினுக்கும் மருத்துவத்தில் இடம் உண்டு. 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஷிங்ரிக்ஸ் என்ற அக்கித் தடுப்பூசியில் குவில்லாயா மரத்துச் சபோனின், ஒரு டோஸுக்கு 50 மைக்ரோகிராம் இருக்கிறது. அது கரைப்பதற்காக அல்ல, எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதற்காக. அங்கேகூட அதன் கடுமையை அடக்க, கொலஸ்ட்ரால் கலந்த லிப்போசோமோடு சேர்த்துத்தான் தருகிறார்கள்.

விழுங்கும் மருந்து என்றால் கதை வேறு. சபோனின் குடலில் அதிகம் உறிஞ்சப்படாததால் ரத்தத்தைப் பற்றிய பயம் குறைவு. தோலில் பூசுவதைப் பற்றி நான் அடித்துப் பேச மாட்டேன். அதில் என் கை அனுபவம் கொஞ்சம்தான்.

லெசித்தினை எடுத்துக்கொண்டவர்கள் அதன் பராமரிப்பில் அலட்சியம் காட்டவே கூடாது. காற்று பட்டால் அதன் கொழுப்பமிலங்கள் கெடும். ஈரத்தில் கிடந்து ஒரு கொழுப்பமிலம் கழன்றுவிட்டால் அது லைசோலெசித்தின்; அதுவும் சிவப்பணுவை உடைக்கும். நைட்ரஜன் ஊதி மூடி, குளிரில் வைக்கிறேன். அப்படியும், வெகுநாள் திறந்து பயன்படுத்திய பாட்டிலாக இருந்தால் அதே சிவப்பணுச் சோதனையைச் செய்யாமல் அடுத்த தொகுதியைத் தொடங்குவதில்லை.