நெல்லை – சென்னை ராத்திரி பஸ்: அரசு வண்டியா, ஆம்னியா?

திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குச் சுமார் 620 கிலோமீட்டர். டிக்கெட்டில் பத்து மணி நேரம் என்று போட்டிருக்கும். பதினொன்று என்று நினைத்துக்கொண்டு ஏறினால் மனசு நோகாது. பன்னிரண்டு வருடமாக மாதம் ஒரு தடவையாவது இந்த ரோட்டில் போய் வருகிறேன். ஊரிலிருந்து புதிதாகச் சென்னைக்கு வேலைக்கு வரும் பையன்கள், "அண்ணே, எந்த பஸ்ல போனா நல்லது?" என்று கேட்பார்கள். ஊருக்குப் போகிறாயா, ஊரிலிருந்து வருகிறாயா என்று திருப்பிக் கேட்பேன். இரண்டுக்கும் என் விடை வேறு.

முதலில் காசு. அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகத்தின் (எஸ்இடிசி) அல்ட்ரா டீலக்ஸ் என்ற சாய்வு இருக்கை வண்டிக்கு 2018 கட்டண மாற்றத்திலிருந்து கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் கணக்கு. அதனால் நெல்லைக்கு அறுநூற்றுச் சொச்சம் ஆகும். செவ்வாய்க்கிழமையும் அதேதான், தீபாவளிக்கு முந்தின ராத்திரியும் அதேதான். தனியார் ஓட்டும் ஆம்னியில் அப்படிக் கிடையாது. சாதாரண நாளில் ஆயிரம் ரூபாய்க்கு நான் வாங்கிய ஏசி படுக்கை, ஒரு பொங்கலுக்கு மூவாயிரத்தைத் தாண்டி நின்றது. அதே வண்டி, அதே கிழிந்த திரைச்சீலை. இதற்குச் சட்டத்தில் ஒரு வேர் இருக்கிறது. அரசுப் பேருந்து ஓடுவது ஸ்டேஜ் கேரேஜ் பெர்மிட்டில், அதாவது ஆளாளுக்கு டிக்கெட் போட்டு ஓட்டுவதற்கான அனுமதியில். அதற்கு அரசு கட்டணம் நிர்ணயிக்கிறது. ஆம்னிக்கு இருப்பது காண்ட்ராக்ட் கேரேஜ் பெர்மிட். கல்யாணத்துக்கு வேன் பிடிக்கிற வகையறா அது. ஆளாளுக்கு டிக்கெட் போட்டு ஓட்டினாலும் காகிதத்தில் அது வாடகை வண்டிதான். பண்டிகைக்குப் பண்டிகை அமைச்சர் எச்சரிப்பதும், கட்டணம் ஏறுவதும் சேர்ந்தே நடப்பதற்குக் காரணம் இதுதான்.

அரசு வண்டியில் பலருக்குத் தெரியாத இரண்டு சலுகைகள் உண்டு. போக வர ஒன்றாக முன்பதிவு செய்தால் திரும்பும் டிக்கெட்டில் 10 சதவீதம் குறையும். 2023 மே மாதத்திலிருந்து, ஒரே மாதத்தில் ஐந்து தடவைக்கு மேல் முன்பதிவு செய்து போனால் ஆறாவது பயணத்திலிருந்து பாதிக் கட்டணம். வாரக் கடைசியெல்லாம் ஊருக்கு ஓடுகிற புது மாப்பிள்ளைகளுக்கென்றே யோசித்ததுபோல இருக்கும்.

சரி, தூக்கம். இங்கே ஆம்னி ஜெயிக்கிறது, கொஞ்சமாக இல்லை, நன்றாகவே. ஒரு பக்கம் இரட்டைப் படுக்கை, மறுபக்கம் ஒற்றை. ஒற்றையில் கீழ்த்தட்டு, அதுவும் வண்டியின் நடுவில் கிடைத்தால் விடக்கூடாது. மேல்தட்டில், அதிலும் கடைசியில் படுத்தால், ஒவ்வொரு வேகத்தடையிலும் உடம்பு ஒரு முறை எழுந்து உட்காரும். இரட்டைப் படுக்கையில் தனியாக ஒரு டிக்கெட் எடுத்தால் பக்கத்தில் யார் வருவார் என்பது அதிர்ஷ்டம். எனக்கு ஒரு தடவை வந்தவர் மேலூர் தாண்டும்வரை போனில் நிலத்தகராறு பேசினார். தீர்ப்பு என்ன ஆனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

அல்ட்ரா டீலக்ஸில் சாய்வு இருக்கைதான். பழைய வண்டியென்றால் சாய்க்கிற கம்பி வேலை செய்யாது, கண்ணாடி விழுப்புரம் வரைக்கும் தாளம் போடும். புது வண்டிகள் எவ்வளவோ பரவாயில்லை. எஸ்இடிசியிலும் ஏசி படுக்கை, ஏசி இல்லாத படுக்கை, கீழே இருக்கை மேலே படுக்கை என்று கலந்த வண்டி எல்லாம் இருக்கின்றன. படுக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், அவ்வளவுதான். அப்பாவைப் போன்ற பழைய ஆட்கள் இன்னும் "திருவள்ளுவர் பஸ்" என்றே சொல்வார்கள். அந்தப் பெயர் போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது.

நேரத்தில் அரசு வண்டியை நம்பலாம். ஆளே வராவிட்டாலும் அதன் நேரத்துக்குக் கிளம்பிவிடும். ஆம்னி அங்கங்கே ஆள் ஏற்றி வர வேண்டும். அப்புறம் லோடு இருக்கிறது. கீழே டிக்கியிலும் சில சமயம் கூரையிலும் பார்சல் மூட்டை ஏறும்வரை வண்டி நகராது. ஒன்பதரை வண்டிக்காக ரோட்டோரம் நின்று போன் போட்டால் "பத்து நிமிஷம் சார்" என்பார்கள். பதினொன்றுக்கும் அதே பத்து நிமிஷம்தான். ஒருமுறை ஏசி வண்டிக்குப் பணம் வாங்கிவிட்டு ஏசி ஓடாத வண்டியை அனுப்பினார்கள். கேட்டால் ஆப்பில் புகார் கொடுங்கள் என்றார் கிளீனர். அரசு வண்டி ஒருமுறை உளுந்தூர்ப்பேட்டை அருகே நின்றுபோனது. பின்னால் வந்த கழக வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி, இரண்டு மூன்று பேராக எங்களைப் பிரித்து ஏற்றிவிட்டார் கண்டக்டர். திருச்சி வரை நின்றுகொண்டே போனேன். ஆனாலும் விடியலுக்கு ஊர் போய்ச் சேர்ந்தேன்.

சாப்பாட்டுக்கு நிறுத்தும் மோட்டல் விஷயத்தில் இரண்டும் ஒரே குட்டை. வெளியில் பதினைந்து ரூபாய் டீ அங்கே முப்பது. கழிப்பறை பற்றிப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். என் தங்கை மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவாள். இந்த ஒரு காரணத்துக்காகவே அம்மாவோடு போகும்போது நான் பஸ்ஸை யோசிப்பதில்லை, நெல்லை எக்ஸ்பிரஸ்தான். படுக்கை டிக்கெட் அரசு பஸ்ஸைவிட மலிவு, கிடைத்தால்தானே! வந்தே பாரத் எட்டு மணி நேரத்தில் கொண்டுவிடும், ஆனால் பகல் போய்விடும்.

கிளாம்பாக்கம் வந்த பிறகு கணக்கு மாறியதையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 30 அன்று வண்டலூர் அருகே அந்தப் பேருந்து நிலையம் திறந்தது. அடுத்த மாதமே ஆம்னிகளையும் கோயம்பேட்டிலிருந்து அங்கே போகச் சொன்னார்கள். வழக்கு நடந்து, போரூர், சூரப்பட்டு சுங்கச்சாவடிகளில் ஆம்னிகள் ஆள் ஏற்றி இறக்க உயர் நீதிமன்றம் வழிவிட்டது. தாம்பரம், குரோம்பேட்டைக்காரர்களுக்கு எந்த பஸ்ஸானாலும் ஒன்றுதான். அம்பத்தூர், போரூர் பக்கம் இருப்பவர்களுக்கு ஆம்னியில் விடிகாலை ஒரு மணி நேரம் மிச்சம்.

இதெல்லாம் சேர்த்துத்தான் என் வழக்கம். ஊருக்குப் போகும்போது அரசு வண்டி. வெள்ளிக்கிழமை ராத்திரி ஆம்னிக்காரர் கேட்கும் விலையைக் கொடுக்க மனசு வராது. இருக்கையில் தூக்கம் கெட்டாலும் சனிக்கிழமை மதியம் வீட்டில் தூங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது ஆம்னியில் ஒற்றைப் படுக்கை. திங்கட்கிழமை காலை நேராக அலுவலகம் போகிறவனுக்கு அந்த ஐந்து மணி நேரத் தூக்கத்துக்குக் கூடுதல் காசு தகும். ஞாயிறு ராத்திரி விலையும் ஏறித்தான் இருக்கும், அதனால் ஊருக்குப் போகும் முன்பே பதிவு செய்துவிடுவேன். பண்டிகை முடிந்து திரும்பும் நாளில் மட்டும் இரண்டுமே வேண்டாம். பரனூர் சுங்கச்சாவடியிலிருந்து வண்டலூர் வரை ஊர்ந்து வரும் வரிசையில் படுக்கையும் இருக்கையும் ஒன்றுதான். அன்றைக்கு மட்டும் ஒரு நாள் லீவைச் சேர்த்துப் போட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை ராத்திரி சாவகாசமாக வேய்ந்தான்குளத்தில், அதாவது நெல்லை புதிய பேருந்து நிலையத்தில் ஏறுவேன்.