கழுத்தில் ஓர் ஊசியா, தோளில் இரண்டு ஊசியா?

வலது தோளில் ஜவ்வு கிழிந்து கோவையில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தபோது, முழு மயக்கம் எப்படியும் உண்டு என்றார்கள். அதன்பின் வரும் வலிக்கு எந்த நரம்பை மரத்துப்போகச் செய்வது என்பதில்தான் பேச்சு நீண்டது.

வழக்கமான ஊசி இன்டர்ஸ்கேலீன் பிளாக். கழுத்தோரம் இரண்டு தசைகளுக்கு நடுவே, கைக்கு வரும் நரம்புகளின் வேரிலேயே மருந்தை விடுகிறார்கள். ஒரே குத்து, தோள் முழுவதும் அடங்கிவிடும். என் பங்காளி அண்ணன் இதைத்தான் போட்டுக்கொண்டார். வலி சுத்தமாக இல்லை. ஆனால் குரல் கம்மி, அந்தப் பக்கத்து இமை தொங்கிவிட, பக்கவாதமோ என்று நங்கையாள் அழுதுவிட்டார். மருந்தின் வேகம் இறங்கியதும் எல்லாம் சரியானது.

என்னிடம் மயக்க மருத்துவர் கேட்டது வேறு: "மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா?" சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக் கொட்டகையில் 30 வருடம் பஞ்சுத் தூசி குடித்தவன் நான். குழாயில் ஊதச் சொன்னார். பாதியிலேயே இருமல் வந்துவிட்டது.

மூச்சை உள்ளிழுக்கும் தசையான உதரவிதானத்தை இயக்கும் ஃபிரெனிக் நரம்பு, அந்த இரண்டு தசைகளில் முன்னதன் மேல்தான் இறங்குகிறது. 20 மில்லி மருந்து போட்டால் ஏறக்குறைய எல்லோருக்கும் அந்தப் பக்க உதரவிதானம் சில மணி நேரம் ஓய்ந்துவிடும். 5 மில்லியாகக் குறைத்தாலும் ஆபத்து குறையுமே தவிர, ஒழியாது. நல்ல நுரையீரல்காரருக்கு இது தெரியவே தெரியாது. பாதித் தறி நின்றால் மீதியை ஓட்டிச் சமாளிக்கலாம். மீதியும் பழுதுத் தறியென்றால்?

ஆகவே நான் எடுத்தது இரண்டு ஊசி. தோள்மூட்டின் உணர்வில் சுமார் 70 சதவீதத்தைச் சுமக்கும் சூப்ராஸ்கேப்புலர் நரம்புக்குத் தோள்பட்டை எலும்பின் மேல் ஒன்று. ஆக்ஸிலரி நரம்புக்குப் புஜத்தின் பின்புறம் ஒன்று. இரண்டும் ஃபிரெனிக் நரம்புக்கு எட்டாத தூரம். விரல்களும் மரக்கவில்லை, சாயங்காலம் காபி டம்ளரை அதே கையால் பிடித்தேன்.

குறையும் உண்டு. கண் விழித்ததும் தோளின் முன்பக்கம் சுள்ளென்றது. அங்கே வேறு கிளைகளும் வருவதால் இந்த இரண்டு ஊசி போதாதாம். டிரிப்ஸில் ஒரு மருந்து ஏற்றிய பிறகே தணிந்தது. அண்ணனுக்கு அந்தத் தொல்லையே இல்லை. முதல் சில மணி நேரத்தில் கழுத்து ஊசிதான் மேல் போலிருக்கிறது. ஆனால் இருவர் வலியை எந்தத் தராசில் நிறுப்பது?

நள்ளிரவில் மரப்பு விட்டதும் வலி திரும்பியது இருவருக்கும் ஒன்றுதான். அவர் மாத்திரையை முன்கூட்டியே விழுங்கியிருந்தார். நான் தூங்கிவிட்டேன்.