உப்புவெளியில் ஆர்பிஎம் மீற்றர் பார்க்கும் நானா

எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் மீற்றர் பிழையாகக் காட்டுகிறது என்று போனால், திருகோணமலையில் எனக்குக் கிடைத்த பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "வேறு மீற்றர் வாங்கிப் போடுங்கள்." உப்புவெளியில், நிலாவெளி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில் இருக்கும் சிறிய ஓட்டோ எலெக்ட்ரிக் கடையில் அப்படிச் சொல்வதில்லை. கழற்றி, மேசையில் வைத்து, அளந்து, திருத்தித் தருகிறார்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய இடம் இது.

என்னுடையது நான்கு சிலிண்டர் மிட்சுபிஷி லான்சர், காபரேட்டர் வண்டி. ஐட்லிங்கில், அதாவது அக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, 800 காட்ட வேண்டிய முள் ஆயிரத்தை நெருங்கி நின்றது. முதலில் காட்டிய வேறொரு கராஜில் முள்ளைப் பிடுங்கி 800இல் குத்திவிட்டார்கள். ஐட்லிங் சரியாகத் தெரிந்தது. ஆனால் எஞ்சினை நிறுத்தினால் முள் பூச்சியத்துக்குக் கீழே போய் முட்டிக்கொண்டு நின்றது. கந்தளாய்ப் பக்கம் ஓடும்போது அது காட்டிய கணக்கை எஞ்சின் சத்தத்தோடு பொருத்தவே முடியவில்லை. இதை வேலை என்று சொல்லிப் பணம் வாங்குவது எனக்கு இன்னும் கோபத்தைத் தருகிறது.

உப்புவெளிக் கடைக்கார நானா முதலில் மீற்றரைத் தொடவே இல்லை. ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். முள் துள்ளியது. "எர்த் சரியில்லை தம்பி. இதை வைத்துக்கொண்டு மீற்றரைத் திருத்தினால் பிழையையும் சேர்த்துத் திருத்தினதாகிவிடும்" என்றார். டாஷ்போர்டுக்குப் பின்னால் எர்த் வயரின் முனை முழுவதும் பச்சைக் களிம்பு. கடற்காற்று அடிக்கும் ஊரில் அது வியப்பில்லை. அரத்தாளால் தேய்த்து இறுக்கிய பிறகுதான் மீற்றர் வெளியே வந்தது.

மேசையில் 13.8 வோல்ட் மின்சாரம், பக்கத்தில் வேண்டிய வேகத்தில் மின்துடிப்புத் தரும் ஒரு சிக்னல் ஜெனரேட்டர். கணக்கு எளிது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை பிளக்கில் தீப்பொறி பறக்கிறது; மீற்றர் எண்ணுவது அந்தத் துடிப்பைத்தான். 3,000 சுற்றுக்கு நிமிடத்தில் 6,000 துடிப்பு, அதாவது நொடிக்கு 100. ஆகவே 100 ஹேர்ட்ஸ் கொடுத்தால் முள் 3,000இல் நிற்க வேண்டும். முள்ளைப் பூச்சியத்தில் திரும்பப் பொருத்திவிட்டுக் கொடுத்தபோது 1,000க்கு 1,200, 2,000க்கு 2,400, 3,000க்கு 3,600 என்று காட்டியது.

அந்த மூன்று எண்களையும் காகிதத்தில் எழுதி என்னிடம் நீட்டினார். எல்லா இடத்திலும் ஒரே அளவு கூடியிருந்தால் முள் இடம் மாறியிருக்கிறது. ஒரே விகிதத்தில் கூடியிருந்தால் உள்ளே இருக்கும் சிறு திருகைத் திருப்ப வேண்டும். இங்கே எங்கும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். முள்ளைப் பிடுங்கிக் குத்தியதால் ஏன் ஒன்றும் சரிவரவில்லை என்பது எனக்கு அந்தக் காகிதத்தில்தான் விளங்கியது. சின்னத் திருப்புளியால் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பி, மூன்று இடத்திலும் மாறி மாறிப் பார்த்து, அசையாமலிருக்கத் திருகின் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்தார்.

ஜெனரேட்டர் சரிதானா என்பதையும் அவர் விட்டுவைக்கவில்லை. சுவர் மின்சாரத்தைச் சிறிய டிரான்ஸ்ஃபோமரில் 12 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுத்தார். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். முள் 1,500இல் போய் நின்றது. பிறகு மீற்றரைக் காரில் பூட்டி, எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் கப்பியில் மினுங்கும் டேப் ஒட்டி, ஒளியால் அளக்கும் கருவியோடு ஒப்பிட்டார். 3,000க்கு மேல் மிச்சமிருந்த சிறிய வித்தியாசத்தையும் மறைக்காமல் பில்லில் எழுதித் தந்தார். மொத்தம் 4,500 ரூபாய். இந்த நேர்மைக்கு அது அதிகமில்லை.

குறையென்றால், தனி ஆள், ஆகவே காத்திருக்க வேண்டும். நிழலும் இல்லை, இருக்கையும் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடை பூட்டு. கணினியிலிருந்து தகவல் பெறும் புதிய வாகனங்களின் மீற்றர்களை அவர் எடுப்பதில்லை. மீற்றரை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போனாலும் திருப்பி அனுப்பிவிடுவார். எர்த் பார்ப்பதற்கு வண்டியும் வாசலில் நிற்க வேண்டும்.